கைபேசிக்குள் கூடுதல் சிப் பொருத்தலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைபேசியைத் திறந்து, அதன் உட்பலகையில் புதிய சிப் ஒன்றைப் பற்றவைத்து, நிறுவனம் தராத வசதியைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்பதைச் சுற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மதுரை வாசகர்: என் கைபேசியில் 64 ஜிபி சேமிப்பிடம்தான் இருக்கிறது, மெமரி கார்டு போடவும் வழியில்லை. பழுதுபார்க்கும் கடை ஒன்றில், உள்ளே கூடுதலாக ஒரு மெமரி சிப்பைச் சால்டர் செய்து 256 ஜிபி ஆக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?

கடைக்காரர்கள் சொல்லும் பலன் கிடைக்கக்கூடியதே. ஆனால் அங்கே நடக்கப்போவது, இருக்கும் சிப்போடு இன்னொன்றைச் சேர்ப்பது அன்று. இருப்பதைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அதிகக் கொள்ளளவுள்ள வேறொன்றை வைப்பது. மேசைக் கணினியில் ரேம் போடுவதற்குக் காலியான செருகிடங்கள் இருக்கும். கைபேசிப் பலகையில் அப்படி எதுவும் விடப்படுவதில்லை. சேமிப்புச் சிப்புக்கென்று ஒரே ஓர் இடம்தான் உண்டு. பிராசசரிலிருந்து கிளம்பும் தடங்கள் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்தச் சிப் இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும். விலை குறைந்தவற்றிலும் பழையவற்றிலும் இஎம்எம்சி. 2015இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்6 தொடங்கி விலை உயர்ந்தவற்றிலும், இன்று நடுத்தர விலையில் கிடைப்பவை பலவற்றிலும் யுஎஃப்எஸ். இரண்டுமே பெரும்பாலும் 11.5 மில்லிமீட்டருக்கு 13 மில்லிமீட்டர் அளவில், அடிப்பக்கத்தில் 153 சால்டர் குண்டுகளோடு வருவதால், மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்காமல் வேறுபாடு தெரியாது. உள்ளே வேலை செய்யும் விதமோ முற்றிலும் வேறு. இஎம்எம்சி எட்டுத் தடங்களில் தரவை இணையாக அனுப்புகிறது. யுஎஃப்எஸ் அதைவிடப் பலமடங்கு வேகமான ஒன்றிரண்டு தொடர் இணைப்புகளில் அனுப்புகிறது. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் கைபேசி எழுந்திருக்காது. விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் சேமிப்பும் ரேமும் ஒரே உறைக்குள் அடங்கிய இஎம்சிபி எனப்படும் கூட்டுச் சிப் இருப்பதால், ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறிவிடும். புதிய ரேமை அந்தக் கைபேசியின் தொடக்க மென்பொருள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் முழு வேலையும் வீணாகும்.

வெப்பத்தைப் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நச்சுப்பொருள் கட்டுப்பாடு 2006 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, தொழிற்சாலைகள் ஈயம் கலக்காத சால்டருக்கு மாறின. வெள்ளீயம், வெள்ளி, செம்பு ஆகியவை சேர்ந்த அந்தக் கலவை சுமார் 217 பாகை செல்சியஸில்தான் உருகத் தொடங்குகிறது. பழைய ஈயச் சால்டருக்கு 183 பாகை போதும். சூடான காற்று, சிப்பின் அடியில் மறைந்திருக்கும் குண்டுகள் வரை இந்த வெப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்றால், ஹாட் ஏர் கருவியை 300 பாகைக்கு மேலேயே வைக்க வேண்டியிருக்கிறது. அந்த வெப்பம் அக்கம்பக்கத்துச் சிப்புகளையும் தொடும். பல கைபேசிகளில் பிராசசரின் முதுகிலேயே ரேம் ஏற்றிப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள குண்டுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், நல்ல நிலையில் கடைக்குப் போன கைபேசி திரும்பி வராது. சிப்புக்கு அடியில் கெட்டியான பசை ஊற்றியிருந்தால், அதைச் சுரண்டும்போது பலகையின் மெல்லிய செம்புத் திட்டுகள் பெயர்ந்துவரும் அபாயமும் இருக்கிறது. கை பழகியவர்கள் இவை எல்லாவற்றையும் கடந்து செய்துமுடிக்கிறார்கள் என்பதும் உண்மையே. அவர்கள் பலகையைக் கீழிருந்து மிதமாகச் சூடேற்றிக்கொண்டு, அக்கம்பக்கத்தை வெப்பம் தாங்கும் நாடாவால் மறைத்து, பிறகே காற்றைச் செலுத்துகிறார்கள்.

அடுத்தது உங்கள் கோப்புகள். ஆண்ட்ராய்டு 10உடன் விற்பனைக்கு வந்த கைபேசிகள் தொடங்கி, பயனரின் கோப்புகளை மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றி, வைப்பது கட்டாயமாகிவிட்டது. அதைத் திறக்கும் சாவி பிராசசருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பழைய சிப்பைக் கழற்றி வேறொரு கருவியில் வைத்துப் படித்தால் பொருளற்ற எண்கள்தான் கிடைக்கும். சிப்பைத் தொடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்து வைத்துவிட வேண்டும். பழைய கைபேசிகளிலிருந்து பிரித்தெடுத்த சிப்பைப் பொருத்துவதில் மற்றொரு தடையும் இருக்கிறது. இஎம்எம்சி, யுஎஃப்எஸ் இரண்டிலும் ஆர்பிஎம்பி என்ற சிறு பகுதி உண்டு. அதில் முதல் கைபேசி எழுதிவைத்த சாவியைப் பிறகு மாற்ற முடியாது என்பதே அதன் வடிவமைப்பு. இன்னொரு கைபேசியின் சாவி பதிந்த சிப்பை உங்கள் பிராசசர் முழுமையாக நம்பாது. திரையும் தொடுதலும் ஒழுங்காக இயங்கும்போதே, கைரேகைப் பூட்டு போன்ற பாதுகாப்பு வசதிகள் செயலிழந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஐஃபோன் வைத்திருப்போரும் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். அங்கே சேமிப்புச் சிப்பிலேயே கைபேசியின் வரிசை எண், வைஃபை, புளூடூத் முகவரிகள் போன்றவை எழுதப்பட்டிருக்கின்றன. பழைய சிப்பைத் தனிக் கருவியில் வைத்து அந்த விவரங்களைப் படித்து, புதியதில் எழுதி, அதன் பின்னரே பலகையில் பொருத்துகிறார்கள். பிறகு கணினியோடு இணைத்து இயங்குதளத்தை முழுமையாக நிறுவ வேண்டும். சீனாவின் ஷென்ஜென் நகரத்து ஹுவாச்சியாங்பெய் சந்தையில் இது அன்றாட வேலை. நம் ஊர்களிலும் இதைத் திறம்படச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஐஃபோன் 10 தொடங்கிப் பல மாடல்களில் உட்பலகை இரண்டு அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று பற்றவைக்கப்பட்டிருப்பதால், சிப் இருக்கும் இடத்தைப் பொறுத்து, அந்த அடுக்குகளைப் பிரித்துச் சேர்க்க வேண்டிய கூடுதல் வேலையும் நேரலாம்.

என் கருத்தைக் கேட்டால், உத்தரவாதக் காலம் முடிந்த, எல்லாக் கோப்புகளுக்கும் கையில் நகல் உள்ள கைபேசியாக இருந்தால் மட்டுமே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் சிப் புதியதா, பிரித்தெடுத்ததா என்று கேளுங்கள். இஎம்எம்சி 5.0 முதல், சிப் தன் ஆயுளில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதைப் பத்துப் பத்து விழுக்காடாகச் சொல்லும் பதிவு ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. யுஎஃப்எஸ் சிப்புகளிலும் இத்தகைய பதிவு உண்டு. சிப்பைப் படிக்கவும் எழுதவும் கடையில் வைத்திருக்கும் புரோகிராமர் என்ற கருவியில் அதைப் படித்துக் காட்டச் சொன்னால், தொழில் தெரிந்தவர் தயங்காமல் காட்டுவார். கைபேசி திரும்பி வந்ததும், முழுக் கொள்ளளவையும் எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் சோதனைச் செயலி ஒன்றை ஓடவிடுங்கள். திரையில் 256 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஈரோடு வாசகர்: சேமிப்பிடம் போகட்டும், 4 ஜிபி ரேமை 8 ஜிபி ஆக்க முடியுமா?

நடைமுறையில் முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் சிப் எந்த நிறுவனத்துடையது, எத்தனை அடுக்கு, என்ன வேகம், ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பனவெல்லாம், கைபேசி விழித்தவுடன் முதலில் ஓடும் தொடக்க மென்பொருளிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த மென்பொருள், தான் அசல்தான் என்று காட்டும் நிறுவனத்தின் மறைக்குறிக் கையொப்பத்தோடு வருவதால், அதைத் திருத்தி எழுத உங்களாலோ கடைக்காரராலோ இயலாது. அதே மாடல், அதே பலகையில் 8 ஜிபி வகையையும் நிறுவனம் விற்றிருந்தால், அந்த வகையில் பயன்படுத்திய அதே சிப் வேலை செய்யும் வாய்ப்பு இருக்கிறது. அதற்காகப் பிராசசரின் முதுகில் ரேமைப் பிரித்து ஒட்டுவது, கிடைக்கும் பலனுக்கு ஒவ்வாத துணிச்சல். அமைப்புகளில் ‘கூடுதல் ரேம்’ என்று நிறுவனங்கள் தரும் வசதி, சேமிப்பிடத்தின் ஒரு பகுதியைத் தற்காலிக இடமாகப் பயன்படுத்துவது மட்டுமே; அது ரேமின் வேகத்தைத் தராது.

கோயம்புத்தூர் பாலிடெக்னிக் மாணவர்: அப்படியானால் கைபேசியில் இல்லாத ஒன்றை, புதிய சிப்பைப் பற்றவைத்து உண்மையிலேயே சேர்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். அவர்கள் எந்த இடத்தில் கைவைத்தார்கள் என்பதைத்தான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

ஆப்பிள் 2016இல் வெளியிட்ட ஐஃபோன் 7இலிருந்து 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளையை நீக்கியது. ஸ்காட்டி ஆலன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஷென்ஜெனில் மாதக்கணக்கில் உழைத்து, அந்தத் துளையை மீண்டும் அதே கைபேசிக்குள் கொண்டுவந்து 2017 செப்டம்பரில் காட்டினார். சார்ஜர் செருகும் துளைக்கு ஆப்பிள் வைத்த பெயர் லைட்னிங். அந்தத் துளையில் ஒலி இலக்க வடிவில் வெளியே வருகிறது. அதை நாம் கேட்கக்கூடிய ஒலி அலையாக மாற்றும் சிப், ஆப்பிள் விற்கும் சிறிய இணைப்பு வடத்திற்குள் இருக்கிறது. ஆலன் அந்த வடத்தின் உள்ளுறுப்பை எடுத்து, தாமே வடிவமைத்த வளையும் மின்பலகை ஒன்றோடு சேர்த்தார். ஹெட்போன் செருகியிருக்கிறதா, சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பார்த்து, லைட்னிங் தடங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிடும் சிப் அதில் இருந்தது. பாட்டுக் கேட்டுக்கொண்டே சார்ஜ் செய்ய முடியாது என்ற குறையோடு அது வேலை செய்தது. தம் வடிவமைப்பை அவர் எல்லோருக்கும் திறந்தும் வைத்தார்.

2021இல் கென் பில்லோனெல் என்ற சுவிட்சர்லாந்து மாணவர், ஐஃபோன் 10இல் லைட்னிங் துளைக்குப் பதிலாக யுஎஸ்பி-சி துளையை அமைத்தார். அவர் லோசான் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரோபோவியல் படித்துக்கொண்டிருந்தவர். லைட்னிங் வடத்தின் முனைக்குள் இருக்கும், கைபேசியோடு அடையாளம் பேசும் சிப் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்து அறிந்து, அந்தச் சுற்றைச் சிறிய வளையும் பலகையில் அடக்கிக் கைபேசிக்குள் புகுத்தினார். அந்தக் கைபேசி அதே ஆண்டு நவம்பரில் இணைய ஏலத்தில் 86,001 டாலருக்கு விலைபோயிற்று. வாங்குபவர் அதை மீட்டமைக்கவோ, மென்பொருளைப் புதுப்பிக்கவோ, அன்றாடக் கைபேசியாகப் பயன்படுத்தவோ கூடாது என்று ஏல அறிவிப்பிலேயே அவர் எழுதியிருந்தார். அந்த நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். தாம் செய்த மாற்றத்தின் எல்லை எதுவென்று தெரிந்தவர்தான் அப்படி எழுதுவார். ஆப்பிள் நிறுவனமே யுஎஸ்பி-சிக்கு மாறியது 2023இல், ஐஃபோன் 15 வந்தபோது.

இந்த இருவரும் பிராசசர், ரேம், சேமிப்பு ஆகிய மூன்றையும் தொடவில்லை. வெளி உலகத்தோடு பேசுவதற்காகவே கைபேசி திறந்து வைத்திருக்கும் ஒரு துளையில் வந்துபோகும் சைகைகளைப் பிடித்து, அவற்றுக்கு நடுவே தங்கள் சிப்பை வைத்தார்கள். கைபேசியைப் பொறுத்தவரை அது வழக்கமான வடம் ஒன்றோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது. உள்ளே புதிதாக ஒன்று வந்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. கூடுதல் சிப் வேலை செய்ய வேண்டுமானால், மின்னிணைப்பு கிடைத்தால் மட்டும் போதாது. கைபேசியின் மென்பொருள் அந்தச் சிப்பை ஏற்க வேண்டும், அல்லது அது இருப்பதையே அறியாமல் இருக்க வேண்டும். வெற்றி பெற்ற மாற்றங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வழியில் சென்றவை.

கம்பியில்லா சார்ஜிங்கும் அப்படித்தான். 2012இல் வந்த கேலக்ஸி எஸ்3இல், பாம் நிறுவனத்துப் பழைய கைபேசியின் கம்பியில்லா சார்ஜிங் சுருளையும் அதன் சுற்றையும் எடுத்து ஆர்வலர்கள் உள்ளே பொருத்தினார்கள். கைபேசிக்கு அது இன்னொரு சார்ஜர் மட்டுமே. அடுத்த ஆண்டு வந்த கேலக்ஸி எஸ்4இல், கம்பியில்லா சார்ஜிங் வசதியுள்ள பின்மூடியைத் தனியாக விற்பதற்காக, முதுகுப் பக்கத்திலேயே அதற்கான தொடுமுனைகளைச் சாம்சங் விட்டுவைத்திருந்தது. அங்கே சால்டர் கூடத் தேவைப்படவில்லை.

சிப் அளவுக்குப் போகாத, ஆனால் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2008இல் வெளிவந்த ஓப்பன்மோகோ ஃப்ரீரன்னர் என்ற திறந்த வடிவமைப்புக் கைபேசியில், மெமரி கார்டின் கடிகாரச் சைகை ஜிபிஎஸ் அலைவாங்கியைக் குழப்பியதால், இருப்பிடம் கண்டறிய மிகுந்த நேரமானது. அந்தத் தடத்தில் 10 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைப்பது ஒரு தீர்வாயிற்று. மின்சுற்றுப் படம் பொதுவில் இருந்ததால்தான் குறையின் காரணத்தைக் கண்டறிந்து, பயனர்கள் தாங்களே சரிசெய்ய முடிந்தது. படம் மூடி வைக்கப்பட்டிருக்கும் கைபேசியில் இந்த வேலைக்கு ஊகத்தைத் தவிர வேறு துணை இல்லை.

திருச்சி வாசகர்: பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியில் நான்கைந்து கம்பிகளோடு ஒரு சிப்பைப் பற்றவைத்தால் எல்லா வட்டுகளும் ஓடின. கைபேசியின் பூட்டை அதே போல ஒரு சிப்பால் திறக்க முடியாதா?

முதல் பிளேஸ்டேஷனின் பூட்டு மிக எளியது. அசல் வட்டின் உட்பகுதியில், நாட்டுப் பகுதியைக் குறிக்கும் நான்கு எழுத்துகள் தடத்தின் நுண்ணிய அசைவாகப் பதிக்கப்பட்டிருக்கும். வட்டு எதுவாக இருந்தாலும் அந்த நான்கு எழுத்துகளையே கட்டுப்பாட்டுச் சிப்புக்கு விடாமல் அனுப்பிக்கொண்டிருப்பதுதான் கூடுதல் சிப்பின் வேலை. கேள்வியும் பதிலும் வெளியே தெரியும் கம்பியில் ஓடியதால் நடுவில் புகுந்து பதில் சொல்ல முடிந்தது.

கைபேசிகளிலும் ஒரு காலத்தில் இது நடந்திருக்கிறது. 2007இல் வந்த முதல் ஐஃபோன் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பில் மட்டுமே இயங்கும்படி பூட்டப்பட்டிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயது இளைஞர் கைபேசியைத் திறந்து, பலகையிலிருந்த ஒரு தடத்தைச் சுரண்டி, ஒரு கம்பியைப் பற்றவைத்து, நினைவகத்தின் முகவரித் தடங்களில் ஒன்றை வலுக்கட்டாயமாக உயர்நிலையில் நிறுத்தினார். அழைப்புகளைக் கவனிக்கும் சிப்பின் தொடக்க மென்பொருள் தவறான இடத்தைப் படித்து, நினைவகம் காலியாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, புதிய மென்பொருளை ஏற்க முன்வந்தது. அதே காலத்தில் பற்றவைப்பே இல்லாத வழியும் வந்தது: சிம் அட்டைக்கும் கைபேசிக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய சிப், கைபேசி கேட்கும் அடையாளத்தைத் தன் விருப்பப்படி மாற்றிச் சொன்னது.

இன்றைய கைபேசிகளில் சோதனை தொடங்குவதே பிராசசருக்குள் அழிக்க முடியாதபடி பதிக்கப்பட்ட நினைவகத்தில்தான். அது அடுத்து ஓடவேண்டிய மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அந்த மென்பொருள் தனக்கு அடுத்ததைச் சரிபார்க்கிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் கணக்கு ஒரே சிலிக்கன் துண்டுக்குள் முடிந்துவிடுவதால், கம்பி வைத்துப் பிடிக்க வெளியே எதுவும் இல்லை. மேலும், பூட்டிய கைபேசி உங்களுடையதே என்பதற்கான சான்று உங்களிடம் இருந்தால், அதைத் திறக்க விற்பனை நிறுவனத்தை அணுகுவதே முறை. அடுத்தவருடையதாக இருந்தால், இந்தப் பகுதியில் அதற்கு வழி சொல்ல முடியாது.

சேலம் பொறியியல் மாணவி: நான் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சிறிய சென்சார் சிப் ஒன்றைப் பழைய கைபேசிக்குள் பொருத்த நினைக்கிறேன். ஏற்கெனவே உள்ள சென்சார்களின் தடத்திலேயே இணைத்துவிடலாமா?

நல்ல கேள்வி, ஆர்வத்தோடு எழுதியிருக்கிறீர்கள். பல சென்சார்கள் பிராசசரோடு ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டு கம்பித் தடத்தில் பேசுகின்றன. பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கிய இந்த முறையின் அழகே, ஒரே இரண்டு கம்பியில் பல சிப்புகளைத் தொங்கவிடலாம் என்பதுதான். ஒவ்வொரு சிப்புக்கும் 7 பிட் முகவரி ஒன்று உண்டு. ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவு எண் இருக்கக்கூடாது என்பது போல, ஒரே தடத்தில் இரண்டு சிப்புகளுக்கு ஒரே முகவரி இருக்கக்கூடாது. ஆகவே முதலில், உங்கள் சென்சாரின் முகவரி ஏற்கெனவே அங்கே பயன்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக, கைபேசியின் உட்தடங்கள் பெரும்பாலும் 1.8 வோல்ட்டில் இயங்குகின்றன. கடையில் கிடைக்கும் சென்சார் மாட்யூல்களில் பல 3.3 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டவை. அவற்றை நேரே இணைத்தால் கைபேசியின் சிப்பே சேதமடையலாம். சென்சார் 1.8 வோல்ட்டில் இயங்கக்கூடியதா என்பதை அதன் விவரத்தாளில் பாருங்கள். இல்லையென்றால் நடுவில் மின்னழுத்தநிலை மாற்றி ஒன்று தேவை.

இவை கையால் தீர்க்கக்கூடியவை. மென்பொருள்தான் பெரிய மலை. ஆண்ட்ராய்டின் அடியில் இருந்து வன்பொருளைக் கையாளும் லினக்ஸ் கரு (கெர்னல்) என்ற மென்பொருளுக்கு, எந்தத் தடத்தில் எந்த முகவரியில் எந்தச் சிப் இருக்கிறது என்ற பட்டியல் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்கிறது. தானாக அது எதையும் தேடிக் கண்டுபிடிக்காது. அந்தப் பட்டியலைத் திருத்திக் கருவை மறுபடி தொகுத்து ஏற்றுவதற்கு, வேறு மென்பொருளை ஏற்றவிடாமல் தடுக்கும் தொடக்கப் பூட்டைத் திறக்க அனுமதிக்கும் கைபேசியும், நிறுவனம் வெளியிட்ட கருவின் மூலநிரலும் வேண்டும். அதோடு, குவால்காம் போன்ற நிறுவனங்களின் சிப்புகளில் சென்சார்கள் லினக்ஸின் கைக்கே வராமல், பிராசசருக்குள்ளேயே இருக்கும் தனித்த சிறு செயலியின் பொறுப்பில் இயங்குகின்றன. அதன் மென்பொருளும் கையொப்பத்தோடு பூட்டப்பட்டது. அங்கே நீங்கள் கச்சிதமாகப் பற்றவைத்தாலும் சென்சாரைப் படிக்க ஆளிருக்காது.

இந்தத் துறையில் கற்றுக்கொள்ளவே வாங்குவதானால் லினக்ஸில் இயங்கும் பைன்ஃபோன் போன்ற கைபேசியைப் பரிந்துரைப்பேன். அதன் பின்மூடிக்கு அடியில் ஆறு தொடுமுனைகள் வெளிப்படையாக விடப்பட்டிருக்கின்றன; ஐ-ஸ்கொயர்-சி தடமும் மின்வழங்கலும் அவற்றில் இருக்கின்றன. அதன் மின்சுற்றுப் படமும் பொதுவில் கிடைக்கிறது. அது கைக்கு எட்டவில்லையென்றால், சென்சாரைச் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகையோடு இணைத்து, அதைக் கைபேசியின் யுஎஸ்பி துளையில், வெளிக் கருவிகளைக் கைபேசியோடு இணைக்க உதவும் ஓடிஜி வடம் வழியாகச் செருகுங்கள். கைபேசியின் உட்பலகையைத் தொடாமலேயே நீங்கள் விரும்பிய அளவுகள் கிடைத்துவிடும்; பாடத்திட்டச் செயல்திட்டத்திற்கு அது தாராளமாகப் போதும்.

நாகர்கோவில் வாசகர்: இந்த நுண்ணிய பற்றவைப்பைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து தொடங்காதீர்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலும் உங்கள் ஊர்ப் பழுதுபார்க்கும் கடைகளிலும் செத்துப்போன பலகைகள் மலிவாகக் கிடைக்கும். முதல் சில வாரங்களுக்குச் சிப்பைத் தொடாமல், பலகையிலுள்ள சிறிய கெப்பாசிட்டர்களையும் ரெசிஸ்டர்களையும் எடுத்து, அதே இடத்தில் திரும்ப வைத்துப் பழகுங்கள். சால்டர், வெப்பம் ஏறிய பரப்பை நோக்கித் தானே ஓடும் இயல்புடையது. சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் என்ற பசை போதுமான அளவு இருந்தால், உருகிய சால்டரின் பரப்பு இழுவிசையே உறுப்பைச் சரியான இடத்திற்கு இழுத்து அமர்த்திவிடும். இதைக் கண்ணால் பார்த்து உணர்ந்த பிறகுதான் குண்டு வைத்த சிப்புகளுக்குப் போக வேண்டும். பழைய சால்டரோடு, 138 பாகையில் உருகும் பிஸ்மத் கலந்த சால்டரைச் சேர்த்தால் கலவை சீக்கிரம் உருகிச் சிப் எளிதாக வந்துவிடும். ஆனால் அந்தக் கலவை நொறுங்கும் தன்மையுடையது. கழற்றிய பின் அதை முழுமையாகத் துடைத்தெடுத்துவிட்டே புதிய சிப்பை வைக்க வேண்டும்.

பேட்டரியை முதலில் கழற்றுங்கள். இதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. லித்தியம் பேட்டரிக்கு அருகில் சூடான காற்றைச் செலுத்துவது தீயை அழைப்பது. ஃப்ளக்ஸ் புகை நுரையீரலுக்குக் கெடுதி என்பதால் காற்றோட்டமும் புகையை இழுக்கும் விசிறியும் தேவை. ஈயச் சால்டரைக் கையாண்டால், சாப்பிடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். குழந்தைகள் தவழும் அறையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

விழுப்புரம் வாசகர்: சேமிப்புச் சிப்பை மாற்றியபோது என் கைபேசியின் ஐஎம்இஐ எண் அழிந்துவிட்டது. கடைக்காரர் வேறொரு எண்ணை எழுதித் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. 15 இலக்கமுள்ள அந்த எண் உங்கள் கைபேசிக்கு மட்டும் உரியது. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது சேமிப்புச் சிப்பின் தனிப் பகுதி ஒன்றில்தான் இருக்கிறது. ஆகவேதான் பழைய சிப்பிலிருந்து அந்தப் பகுதியை முதலில் நகலெடுக்காமல் மாற்றினால் எண் காணாமல்போகிறது. வேறொரு கைபேசியின் எண்ணை எழுதுவது இந்தியாவில் குற்றம். 2017இல் வெளியான விதிகள் இதைத் தடை செய்தன. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. எழுதியவருக்கு மட்டுமல்லாமல், தெரிந்தே பயன்படுத்துபவருக்கும் அதனால் தொல்லை வரலாம். அந்த எண் திருடுபோன கைபேசி ஒன்றுடையதாக இருந்தால் காவல்துறை உங்களைத்தான் தேடி வரும்.

பழைய சிப் இன்னும் கடையில் இருந்தால் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உயிரோடு இருந்தால் அந்தப் பகுதியைப் படித்தெடுக்க வாய்ப்பு உண்டு. பிறகு கைபேசியின் பெட்டியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்திற்குச் செல்லுங்கள். கைபேசி திரும்பி வந்ததும் *#06# என்று அழுத்தி, திரையில் வரும் எண்ணைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். KYM என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்த எண் எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு உரியது என்ற பதில் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து வரும். பயன்படுத்திய கைபேசியை வாங்குவோரும், பணத்தைக் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடலாம்.